முப்பதுக்குக் கீழே

ஹபீபா குளியலறையில் தராசை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே வைத்தால் எழுபத்தொன்பது. பேசினுக்குக் கீழே வைத்தால் எழுபத்தொன்பது புள்ளி இரண்டு. ஷவருக்குப் பக்கத்தில், ஓடு கொஞ்சம் சரிந்திருக்கும் மூலையில் மட்டும் எழுபத்தெட்டு புள்ளி ஐந்து. அந்த மூலைக்காவது தன்மேல் இரக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள். பிறகு மனம் கேட்காமல் தலைத்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் ஏறினாள். அதே எழுபத்தெட்டு புள்ளி ஐந்து.

"ஹபீபா, எனக்கு வேலைக்கு நேரமாகுது. நீ இன்னும் நிறுத்து முடியலையா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார் அவள் கணவர் நஸ்மி.

"நான் நிறுக்கிறன். அதுதான் இறங்குதில்ல."

சிட்னியின் ஹோம்புஷில் ரயில் நிலையத்தை அடுத்த அடுக்குமாடி வீட்டில் அந்த ஜனவரி மாதம் முழுக்க நடந்த பேச்சு இதுதான். பெப்ரவரியிலும் இதுவேதான்.

ஹபீபாவுக்கு நாற்பத்தி மூன்று வயது. ஊர் அக்கரைப்பற்று. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து சிட்னிதான். லிட்கமில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை. அவள் குண்டாக இருப்பதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். பிள்ளைகளைத் தூக்குவாள், தரையில் உட்கார்ந்து எழும்புவாள், பெருநாளைக்கு அறுபது பேருக்குத் தனி ஆளாக நின்று புரியாணி ஆக்குவாள். நூற்று நாலு கிலோ உடம்போடு இதெல்லாம் செய்தவள் அவள். சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. டாக்டர் ஒவ்வொரு வருஷமும் "கொஞ்சம் குறைச்சா நல்லது" என்பார். இவளும் ஒவ்வொரு வருஷமும் "ஓம் டொக்டர்" என்பாள். அவ்வளவுதான்.

அவளை அந்தத் தராசில் ஏற்றிவிட்டவன் அவளுடைய தம்பி ஹசன்.

ஹசன் மெல்பேர்னில், கிளேட்டனில், போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குக் கால் வீங்கியது. நின்று வேலை செய்கிறவனுக்கு வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டான். முகமும் வீங்கிய பிறகு மனைவி றிஃப்னா இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போயிருந்தன. பிறகு டயலிசிஸ். கிழமைக்கு மூன்று நாள் கையில் ஊசி குத்தி, இரத்தத்தைக் கழுவிக்கொண்டு, படுத்திருந்துவிட்டு வர வேண்டும். டயலிசிஸ் முடித்து வருகிற நாளில் அவனால் ஒரு போனைக்கூடத் திறக்க முடியாது, கை நடுங்கும்.

றிஃப்னாவுக்கு மூன்றாவது பிள்ளையோடு வந்த இரத்த அழுத்தம் போகவே இல்லை, அதனால் அவள் கொடுக்க முடியாது. இறந்தவர்களிடமிருந்து வரும் சிறுநீரகத்துக்கான வரிசையில் ஹசனின் பெயரைப் போட்டார்கள். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது ஹபீபா யாரிடமும் கேட்காமல் மெல்பேர்ன் மருத்துவமனைக்கு போன் பண்ணி, "நான் அவன்ட ராத்தா. என்ட கிட்னிய எடுங்க" என்று சொன்னாள். இரத்த வகை பொருந்தியது. மற்றப் பரிசோதனைகளும் பொருந்தின. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, தானம் செய்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, அந்த பி.எம்.ஐ, நாற்பத்தொன்றுக்கும் மேலே இருக்கிறது. இவ்வளவு எடையோடு ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் மிஞ்சும் ஒன்றுக்குப் பாரம் கூடிவிடும். தங்கள் குழு முப்பதுக்குக் கீழே வரச் சொல்கிறது.

நாற்பத்தொன்றிலிருந்து முப்பது. கேட்கும்போது பதினொரு படி இறங்குவது மாதிரித்தான் இருந்தது. கிலோவாக்கிப் பார்த்தால் ஏறக்குறைய முப்பது.

ஆறு மாதம் நடந்தாள், சோற்றை விட்டாள், வெறும் வயிற்றில் என்னென்னவோ குடித்தாள். நாலு கிலோ குறைந்து அஞ்சு கிலோ ஏறியது. கடைசியில் வயிற்றைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். நஸ்மி சாப்பிட்டுக்கொண்டிருந்த பீங்கானைத் தள்ளி வைத்தார். மனிதர் அதிகம் பேசாதவர், அன்றைக்குப் பேசினார்.

"விளங்கித்தான் பேசுறியா? நல்லா இருக்கிற வயித்துல முக்கால்வாசிய வெட்டி எறியப் போற. என்னத்துக்கு? நல்லா இருக்கிற கிட்னி ஒண்டையும் வெட்டி எடுக்குறதுக்கு. உடம்பு என்ன கோழியா, பாகம் பாகமா விக்க?"

"என்ட தம்பி."

"உன்ட தம்பி எண்டு எனக்கும் தெரியும்."

அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. மே மாதத்தில் ஒப்பரேஷன் நடந்தது. வயிறு ஒரு வாழைப்பழ அளவுக்கு வந்துவிட்டது என்று காட்டினார்கள்.

முதல் மாதங்களில் எடை மழையில் கரையும் மண் மாதிரிக் கரைந்தது. ஒவ்வொரு வெள்ளியும் தராசில் ஏறி நின்று படம் எடுத்து ஹசனுக்கு அனுப்புவாள். தொண்ணூற்றாறு. தொண்ணூறு. எண்பத்தாறு. அவன் பதிலுக்கு ஒரு கைதட்டும் படம் அனுப்புவான். சில நாள் அதுவும் வராது, அவனுக்கு முடியாத நாள் என்று நினைத்துக்கொள்வாள். நாலு கரண்டி கஞ்சியோடு வயிறு நிரம்பிப்போகும். ஒரு வாய் கூடினால் தொண்டைவரை வந்து நிற்கும், சில நேரம் வெளியே வந்துவிடும். தலைமயிர் கைப்பிடியாகக் கொட்டியது. ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. இறங்குகிறதே, அது போதும்.

டிசம்பரில் எழுபத்தொன்பதுக்கு வந்தாள். அங்கே நின்றது.

நின்றது என்றால் அப்படி ஒரு நிற்பு. பிடிவாதம் பிடித்த மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்ட மாதிரி. நடையைக் கூட்டினாள், நின்றது. பாண் ரொட்டியை முழுதாக விட்டாள், நின்றது. ஒரு நாள் அரைக் கிலோ இறங்கும், மறுநாள் அதுவே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் எழும்பியதும் ஒருமுறை, கழிவறைக்குப் போய்வந்து ஒருமுறை, வேலையால் வந்து ஒருமுறை என்று ஏறத் தொடங்கினாள். வழியில் இருக்கும் மருந்துக்கடைத் தராசு அவளை எண்பது என்றது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

வயிற்று ஒப்பரேஷன் செய்த கிளினிக்கில் அவளைக் கவனித்த உணவு ஆலோசகர் ஹரிப்பிரியா ஈரோட்டுப் பெண், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். கெல்லிவில்லிலிருந்து வந்து போவாள். அவளும் தமிழ் என்பதால் ஹபீபாவுக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பெப்ரவரியில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

"அக்கா, இது எல்லாருக்கும் வர்றதுதான். உடம்பு கொஞ்சம் மூச்சு வாங்குது. நீங்க தினமும் வெயிட் பார்க்கிறதை முதல்ல நிறுத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரம், ஒரே இடம். சரியா?"

"ஹரிப்பிரியா, எனக்கு நிக்க நேரமில்ல."

ஹரிப்பிரியா இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தாள். "பாருங்க, வெயிட் நின்னாலும் இடுப்பு ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. நாங்க இதையும் பார்ப்போம். இன்னொரு கணக்கும் இருக்கு. உங்க உயரத்துக்கு அதிகமா இருந்த எடை நாப்பத்தொரு கிலோ. அதுல அறுபது பர்சென்ட் போயிருச்சு. ஐம்பதைத் தாண்டினாலே இந்த ஆப்பரேஷன் சக்சஸ்னு சொல்லுவோம். நீங்க எப்பவோ பாஸ் ஆயிட்டீங்க அக்கா."

"உங்கட கணக்குல பாஸ். மெல்பேர்ன் கணக்குல நான் ஃபெயில். ஒரே உடம்பு, ரெண்டு கணக்கு. நான் எந்தக் கணக்க ஹசனுக்குக் குடுக்குறது?"

ஹரிப்பிரியா டேப்பைச் சுருட்டி வைத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு இயந்திரத்தில் ஹபீபாவை ஏற்றினாள். அது கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா, என்ன சாப்பிடுறீங்க? உண்மையைச் சொல்லுங்க. தசை குறைஞ்சிருக்கு. நீங்க பட்டினி கிடக்கிறீங்க. புரோட்டீன் எங்க? தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"குடிக்கிறன்."

"குடிங்க அக்கா. ப்ளீஸ்."

மார்ச்சில் நோன்பு வந்தது. முதல் வருஷம் நோன்பு பிடிக்க வேண்டாம், தண்ணீர் குறைந்துபோகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து நோன்பை விட்டறியாதவள், வீட்டில் நஸ்மிக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, தான் ஒளிந்து ஒளிந்து புரோட்டீன் மாவைக் கரைத்துக் குடித்தாள். பள்ளிவாசலில் இஃப்தாருக்குப் போன இடத்தில் ஒரு பெண், "நோம்பு புடிச்சிருந்தா இந்நேரம் இன்னும் எவ்வளவு எறங்கியிருக்கும்" என்றாள். இன்னொருத்தி, "ஒப்பரேஷன் செஞ்சும் இவ்வளவுதானா? என்ட சாச்சிட மகள் ஆறு மாசத்துல ஈர்க்கில் மாதிரி ஆயிட்டாள்" என்றாள். ஹபீபா சிரித்துக்கொண்டு பேரீச்சம்பழத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினாள். தம்பிக்காகத்தான் என்று சொல்லவில்லை. கொடுக்க முடியுமா என்றே தெரியாத ஒன்றைக் கொடுக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

மே கடைசியில் மெல்பேர்னில் சந்திப்புக்கு நாள் குறித்தார்கள். அப்போது எடை எழுபத்தெட்டு. அவள் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். எழுபத்து நாலே முக்காலுக்கு வந்தால் முப்பதுக்குக் கீழே. போனில் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டாள். மூன்றேகால் கிலோ. கண்ணுக்கு முன்னால் நிற்கும் பஸ் மாதிரி இருந்தது அது. ஓடினால் பிடித்துவிடலாம்.

ஓடினாள். கடைசி இரண்டு கிழமை அவள் செய்ததை ஹரிப்பிரியாவிடமோ நஸ்மியிடமோ சொல்லவில்லை. சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்தினாள். ஜிம்மில் சேர்ந்து நீராவி அறையில் போய் உட்கார்ந்தாள். கடைசி மூன்று நாள் தண்ணீரை மிடறு மிடறாக்கினாள். மெல்பேர்னுக்குக் காரில் போனார்கள். நடுவழியில் கண்டகாய் என்ற ஊரில் நிறுத்தியபோது நஸ்மி ஒரு போத்தலை நீட்டினார்.

"குடி. உதடு வெடிச்சிருக்கு."

"இப்ப வேணாம். அங்க போய்க் குடிக்கிறன்."

"எங்க போய்? தராசுல ஏறி எறங்கின பொறகா?"

அவள் கார் கண்ணாடி வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் போத்தலை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

மறுநாள் மருத்துவமனையில் முதலில் இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். பிறகு ஒரு ஆலோசகர் தனியறையில் உட்காரவைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். "இல்லை" என்றாள். பிற்பகல் ஆகித்தான் தராசுக்குக் கூப்பிட்டார்கள். எழுபத்து நாலு புள்ளி ஆறு. மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருபத்தொன்பது புள்ளி ஒன்பது! பிடித்துவிட்டாள்.

நர்ஸ் அவளைச் சுவரோடு நிற்கச் சொல்லி, தலைமேல் பலகையை இறக்கினாள். "நூற்று ஐம்பத்தேழு."

"இல்லை. நூற்று ஐம்பத்தெட்டு. சிட்னியில் எப்போதும் ஐம்பத்தெட்டுத்தான்."

நர்ஸ் சிரித்தாள். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும், பிற்பகலில் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் குறைவுதான் என்றாள். பிறகு கணக்கைப் போட்டாள். முப்பது புள்ளி மூன்று.

ஹபீபா சப்பாத்தைப் போட மறந்து அந்தக் குளிர்ந்த தரையில் நின்றாள். ஒரு சென்டிமீட்டர். வயிற்றை வெட்டி, மயிரைக் கொட்டி, வருஷம் முழுக்கக் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டு வந்தால், நூலிழை அளவு உயரம் குறைந்து போனதாம். அந்தப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

ஆனால் டாக்டர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வயதான மனிதர், மெதுவான குரல். முன்னால் இருந்த திரையைப் பார்த்தபடி, "முப்பது புள்ளி மூன்று எனக்குப் பெரிய விஷயமில்லை. இவ்வளவு தூரம் வந்தவரைப் புள்ளிக்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம்" என்றார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். "எனக்குக் கவலை இதுதான். உங்கள் சிறுநீரகம் வேலை செய்யும் அளவு. போன வருஷம் நன்றாக இருந்தது. இப்போது இறங்கியிருக்கிறது. சிறுநீரும் மிக அடர்த்தியாக இருக்கிறது. தண்ணீர் குடிக்கிறீர்களா?"

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நஸ்மி பேசினார். "இல்லை" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. அநேகமாக இது திரும்பச் சரியாகிவிடும் என்றார். ஆனாலும் இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஒருவரிடமிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுக்க முடியாது. ஒழுங்காகச் சாப்பிட்டு, குடித்து, எடை ஒரே மாதிரி நிற்கட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

கார் தரிப்பிடத்தில் நஸ்மி போத்தலை மறுபடியும் நீட்டினார். இந்த முறை அவள் வாங்கினாள். அவளுடைய சின்ன வயிறு ஒரேயடியாக ஏற்றுக்கொள்ளாது, மிடறு மிடறாகத்தான் குடிக்க முடியும். அழுதுகொண்டே மிடறு மிடறாகக் குடித்தாள்.

"தண்ணி குடிச்சிருந்தா எடுத்திருப்பாங்க" என்றாள். "முப்பது தசம் மூண்டோட எடுத்திருப்பாங்க. என்ட புத்தியால நானே கெடுத்தன்."

"ஓம்" என்றார் நஸ்மி. ஆறுதல் சொல்கிற மனிதர் இல்லை அவர். கார்க் கதவைத் திறந்துவிட்டு, "இன்னும் குடி" என்றார்.

ஹசனிடம் டாக்டர் மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். அவன், "பரவால்ல ராத்தா. அவசரமில்ல" என்றான். சோபாவில் சாய்ந்திருந்தவனின் ஊசி குத்திய கை கயிறு முறுக்கின மாதிரி வீங்கியிருந்தது. அவசரமில்லையாம்.

சிட்னிக்குத் திரும்பி ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினாள். ஹரிப்பிரியாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடை ஒரு கிழமையில் எழுபத்தேழுக்கு ஏறியது. அது தண்ணீர்தான் அக்கா, தண்ணீர்தான் என்றாள் ஹரிப்பிரியா. தண்ணீரோ என்னவோ, ஏறினது ஏறினதுதானே.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பழம் வெட்டிக்கொண்டிருந்தபோது றிஃப்னாவின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. எடுத்தாள்.

"மதினி, கிட்னி வந்திரிச்சி! காலையில கூப்பிட்டாங்க. இப்ப உள்ளுக்கு எடுத்திட்டாங்க. துஆ கேளுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது அவள் வாய். கை கத்தியைக் கீழே வைத்தது. யாரோ ஒருவர் இறந்து, அவருடைய குடும்பம் அந்த அழுகைக்கு நடுவிலும் சரி என்று சொல்லியிருக்கிறது. அதை நினைத்து நெஞ்சு உருகியது. உருகிக்கொண்டிருக்கும்போதே, அதற்குப் பின்னால் வேறொரு எண்ணம் தலையை நீட்டியது. அந்த ஆளுடைய பி.எம்.ஐ எத்தனை என்று யாராவது கேட்டிருப்பார்களா? நினைத்த மறுகணம் வெட்கத்தில் முகம் சுட்டது. வெட்டிய அப்பிள் துண்டுகள் தட்டில் பழுப்பேறும்வரை அப்படியே நின்றாள்.

அன்று பின்னேரமே விமானம் ஏறினாள். ஒப்பரேஷன் நன்றாக முடிந்திருந்தது. ஹசனுடைய கட்டிலோரம் சிறுநீர் சேரும் பை தொங்கியது, அதில் மஞ்சளாக நிரம்பிக்கொண்டே இருந்தது. மணிக்கு ஒரு தரம் ஒரு நர்ஸ் வந்து அளந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷமாக அந்த உடம்பில் ஒழுங்காக வராத ஒன்று. றிஃப்னா அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஹபீபாவும் அழுதாள். இரண்டு அழுகையும் ஒன்றில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஹசன் தேறினான். இவளைக் காணும் இடமெல்லாம் ஆட்கள் மெச்சினார்கள். "மாஷா அல்லாஹ், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க." "எவ்வளவு கிலோ?" "என்ன ரகசியம்?" வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அவளுடைய பழைய படத்தைப் பார்த்துவிட்டு நம்பவே இல்லை. ஒவ்வொரு வாழ்த்தும் யாருக்கோ அனுப்பிய பொதி அவள் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது. அழகுக்காகவா செய்தாள்? ஒரு தட்டுச் சோற்றை இனி வாழ்நாளில் முழுதாகச் சாப்பிட முடியாது அவளால். மெச்சுகிற யாருக்கும் அது தெரியாது. யாருக்காகச் செய்தாளோ அவனுக்கு வேறு ஒருவரின் சிறுநீரகம் கிடைத்துவிட்டது.

மருத்துவமனை மறந்துவிடவில்லை. தானம் இனித் தேவையில்லை என்றாலும் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். சிறுநீரகம் இரண்டும் பழையபடி நன்றாக இருந்தன. ஹரிப்பிரியா கேட்டாள், "சரி அக்கா, இனி உங்க டார்கெட் என்ன?"

"எனக்கு ஒண்டும் இல்ல."

"ஒரு நம்பர் கூடவா?"

"ஒரு நம்பரும் இல்ல. நம்பர் எண்டாலே வாந்தி வருது."

ஹரிப்பிரியா சிரிக்கப் போனவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "இரும்புச் சத்து குறைவா இருக்கு. அதை மட்டும் பார்ப்போம்" என்றாள்.

ஒக்டோபரில் ஹசனும் றிஃப்னாவும் சிட்னிக்கு வந்தார்கள். ஒபர்னில் றிஃப்னாவின் சாச்சி வீட்டில் தங்கிக்கொண்டு, ஒரு பகல் சாப்பாட்டுக்கு ஹோம்புஷ் வந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தோசைக் கடைக்குப் போனார்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தான் ஹசன். கன்னத்தில் சதை வைத்திருந்தது. மசாலாத் தோசையோடு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரும் கேட்டு ஒரே மூச்சில் குடித்தான். டயலிசிஸ் காலத்தில் நாள் முழுக்க அவனுக்கு அனுமதி அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

ஹபீபாவின் தோசை கால்வாசியோடு நின்றிருந்தது. ஹசன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ட கிட்னியால ஆருக்கு லாபமோ இல்லையோ, ராத்தாக்கு லாபம். கொமர்ப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க."

"அந்தப் பேச்ச விடு."

"இல்ல ராத்தா, உண்மையா —"

"விடு எண்டு சொன்னன்!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நஸ்மி சாம்பார்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் இதையே சொல்லுது. நீயும் சொல்லாத. நான் மெலியுறதுக்கா செஞ்சன்? ஒரு கிலோக்கு ஒரு கிலோ உனக்காக எண்ணி எண்ணி எறக்கினன். வந்து நிண்டா, ஆரோ ஒரு ஆள் வந்து ஒரே நாள்ல குடுத்திட்டுப் போயிட்டாங்க. அல்லாஹ் அவங்களப் பொருந்திக்கொள்ளட்டும். ஆனா நான் என்னத்துக்கு?"

ஹசன் சிரிப்பை விட்டான். கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தான்.

"ராத்தா, ஒண்டு சொல்லுறன். கோவிக்கப்படா."

"சொல்லு."

"நீங்க ஒவ்வொரு வெள்ளியும் தராசுப் படம் அனுப்புவீங்க. அதுல எறங்க எறங்க எனக்குப் பயம் கூடிச்சு. உங்களுக்கு ஒண்டு ஆயிட்டா, மேசையில ஒண்டு ஆயிட்டா, நான் நஸ்மி மச்சானுக்கு என்ன சொல்லுவன்? வேணாம் எண்டு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அதனால —" அவன் நிறுத்தினான். "நீங்க முப்பதுக்குக் கீழ வரப்படா எண்டு துஆ கேட்டன். ஒவ்வொரு வெள்ளியும்."

ஹபீபா மேசைமேல் முன்னால் சாய்ந்தாள்.

"என்ன?"

"எழுபத்தொன்பதுல நிண்டப்போ, நான் ரெண்டு ரக்அத் தொழுதன்."

"நான் இங்க பட்டினி கிடக்கிறன், நீ அங்க நான் தோக்கணும் எண்டு தொழுகிறியா?" மேசைக்கு மேலால் எட்டி, கைப்பையால் அவன் தோளில் அடித்தாள். இன்னொன்றும் போட்டாள்.

"மதினி! ஒப்பரேஷன் செஞ்ச ஆள்!" என்று றிஃப்னா பதறினாள்.

"ஒப்பரேஷன் வயித்துல. தோள்ல இல்ல!"

ஹசன் தோளைத் தடவிக்கொண்டு சிரித்தான். நஸ்மிகூடக் கையால் வாயை மூடிக்கொண்டார். ஹபீபா சிரிக்கவில்லை. எழும்பி, பையை மாட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வெளியே நடந்தாள். கடைத் தெருவைத் தாண்டி, பூங்காவைச் சுற்றி, கால் நோகும்வரை நடந்தாள். இத்தனை மாதம் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தராசையும் தன் உடம்பையும் ஒரு சென்டிமீட்டரையும் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கோபப்பட இப்போது ஒரு சரியான ஆள் கிடைத்திருந்தான். அதில் ஒரு சுகமும் இருந்தது. அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. தன்னை இழந்துவிடுவோமோ என்று பயந்து கிடந்திருக்கிறான் என்பது நடுநடுவே தட்டிப் பார்த்தது. அதற்கு அவள் அப்போதைக்குக் கதவைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஹசனும் றிஃப்னாவும் போய்விட்டிருந்தார்கள். ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் அவன் அழைத்தான், எடுக்கவில்லை. "நீ பேசாட்டி அவன் படுக்க மாட்டான்" என்றார் நஸ்மி. "படுக்காம கிடக்கட்டும்" என்றாள்.

எட்டு மணி தாண்டியது. அவனுடைய புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்கான மாத்திரை எட்டு மணிக்கு. நேரம் தவறக் கூடாது. சாச்சி வீட்டுப் பேச்சில் மறந்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே மறதிக்காரன். கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்து அழுத்தினாள்.

"ராத்தா —"

"பேசுறதுக்கு போன் எடுக்கல்ல. மருந்து போட்டியா?"

"இப்ப போடப் போறன்."

"இப்ப போடு. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

மாத்திரை உறை கிழியும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவன் விழுங்கினான்.

"போட்டன்."

"சரி" என்றாள் ஹபீபா. "கோவம் இன்னும் போகல்ல. நாளைக்கும் எட்டு மணிக்கு போன் எடுப்பன்."